மூன்று குட்டை மணி

எங்கள் டெலிபோன் கம்பியில் ஒன்பது வீடுகள் இருந்தன. லார்ச்வேல் வட்டாரத்தின் தெற்குக் கம்பி என்று அதற்குப் பெயர். ஒரே கம்பி ஒன்பது வீட்டுச் சுவர்களுக்கும் போனதால், ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் ஒன்பது வீட்டிலும் அடிக்கும். யாருக்கான மணி என்பதை அடிக்கிற விதத்தில் தெரிந்துகொள்வோம். எங்களுக்கு ஒரு நீளம், இரண்டு குட்டை. இங்கபோர்க் ஓசனுக்கு இரண்டு நீளம். வட்டாரக் கவுன்சில் தலைவர் மர்டோ ஃபார்குவர்சனுக்கு ஒரே ஒரு குட்டை. காத்திருக்கப் பிடிக்காதவர், அதை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் பண்ணையில் வேலை பார்த்த அல்சீட் டெஜார்லேயின் வீட்டுக்கு மூன்று குட்டை. கூலி வேலைக்காரர் ஒருவர் வீட்டில் டெலிபோன் இருந்தது எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான். நினைத்த நேரத்தில் கூப்பிட வேண்டும் என்பதற்காக ஃபார்குவர்சனே வைத்துக் கொடுத்திருந்தார்.

அடுத்தவர் மணிக்கு ரிசீவரை எடுக்கக் கூடாது என்று டெலிபோன் சங்கத்தின் அட்டையில் அச்சடித்திருந்தது. எல்லோரும் எடுத்தோம். எடுத்தால் சுவர்ப் பெட்டியின் வாய்க்குழலை உள்ளங்கையால் பொத்திக்கொள்ள வேண்டும். கேட்டதைக் கேட்டதாக ஒருபோதும் காட்டிக்கொள்ளக் கூடாது. இந்த இரண்டாவது விதியை யாரும் அச்சடிக்கவில்லை, யாரும் மீறியதுமில்லை. ஹ்ரின்சுக் வீட்டுப் பசுவுக்கு மடி வீங்கியதை அவர் கால்நடை மருத்துவரிடம் சொன்னால், மறுநாள் காலை ஓசன் வீட்டிலிருந்து களிம்பு டப்பாவோடு யாராவது அந்தப் பக்கமாக வருவார்கள். சும்மா வந்ததாகச் சொல்வார்கள். பசுக்கள் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று கேட்பார்கள். ஹ்ரின்சுக்கும் அப்போதுதான் நினைவு வந்தவர் போல மடி வீக்கத்தைப் பற்றிச் சொல்வார். உதவி செய்வதற்கும் எங்களுக்கு இப்படி ஒரு நாடகம் தேவைப்பட்டது.

ரிசீவர்கள் கூடக்கூட பாட்டரியின் வலு பிரிந்து பேசுகிறவரின் குரல் தேயும். அதனால் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது பேசுகிறவருக்குத் தெரியும். யார் யார் என்பதும் தெரியும். உள்ளங்கை வாய்ப்பேச்சை மறைக்கும், வீட்டை மறைக்காது. இங்கபோர்க்கின் கனேரிக் குருவி விளக்கை அணைக்கும் வரை பாடும். ஹ்ரின்சுக்குக்குத் தீராத இருமல். எங்கள் சமையலறைக் கடிகாரம் அரைமணிக்கு ஒரு தரம் அடிக்கும்.

நான் பட்டணத்து வார இதழுக்கு லார்ச்வேல் செய்திகள் எழுதி வந்தேன். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தார், யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருடைய கிடாரி காணாமல் போயிற்று. இதில் பாதி சுவரிலிருந்து வந்தது. பத்திரிகை ஆசிரியருக்கும் தெரியும், அவரும் கேட்டதில்லை.

1949ஆம் ஆண்டு அக்டோபர் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். என் கணவர் ஓஸ்கர் கெட்டுனென் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தார். மூன்று குட்டை மணி அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை எடுத்தேன்.

ஃபார்குவர்சனின் குரல். வழக்கத்தைவிடத் தாழ்வாக இருந்தது.

"அல்சீட், சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன் முதலாளி."

"முடிச்சிட்டு இங்க வா. எம் பையன் லோர்ன் லாரிய எடுத்துட்டுப் போயிருந்தான். கல்லறை வளைவுல எதையோ இடிச்சிட்டு வந்து நிக்கிறான். குடிச்சிருக்கான். முன்பக்கத் தகரம் உள்ள போயிருச்சு. மான்தான்கிறான். கழுவி நிமித்தி வை. காலையில நான் ஸ்டேஷனுக்குப் போகணும்."

"மான் அங்கயே கெடக்கா முதலாளி? போய்ப் பாத்துட்டு வரட்டுமா? கறி வீணாப் போகுமே."

"வேணாம். லாரிய மட்டும் பாரு."

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் கடிகாரம் ஒரு தரம் அடித்தது. ஏழரை. குருவி பாடிக்கொண்டிருந்தது. யாரோ இருமலை அடக்கினார்கள். அல்சீட்டின் குரல் கடைசியில் மிகவும் தேய்ந்துவிட்டதால், ஆறேழு வீடாவது கேட்டிருக்கும் என்று அப்போதே நினைத்தேன்.

ஓஸ்கர் பால் வாளியோடு உள்ளே வந்ததும் சொன்னேன். கல்லறை வளைவு எங்கள் வாசலிலிருந்து ஒன்றரை மைல். லாந்தரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"மான் இல்லன்னா?"

"மான் இல்லாம வேற என்ன? சரி, போறோம்னே வச்சிக்க. அந்நேரம் ஃபார்குவர்சன் எதிர்ல வர்றார். இருட்டுல இங்க என்ன தேடுறீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவே? சுவர் சொல்லிச்சுன்னா?"

இரண்டு பேரும் சிரித்தோம். அதை எழுதத்தான் வேண்டும். அன்று சிரித்தோம். பிறகு நான் தட்டுகளை அடுக்கினேன். இரவு தண்ணீர்த் தொட்டியில் அரை அங்குலம் பனிக்கட்டி படிந்தது.

காலையில் பாலாடைக் கேன்களோடு ஸ்டேஷனுக்குப் போன ஹ்ரின்சுக், கல்லறை வளைவின் பள்ளத்தில் நில்ஸ் ட்வெய்ட்டைக் கண்டார். நில்ஸ், இங்கபோர்க்கின் தம்பி. அறுபது வயது, கல்யாணம் ஆகாதவர். அக்காவின் வயலோரத்தில் ஒரு குடிலில் தனியாக இருந்தார். முதல் நாள் மாலை கடைக்குப் போய்ப் புகையிலை வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குக் கிளம்பியதாகக் கடைக்காரர் சொன்னார். இடுப்பெலும்பும் ஒரு காலும் முறிந்திருந்தன. அவர் உடனே சாகவில்லை என்று மருத்துவர் சொன்னார். சாலையை நோக்கிப் பன்னிரண்டடி ஊர்ந்து வந்திருக்கிறார். குளிர்தான் கொன்றது. உயிர் போனபோது நடுநிசி தாண்டியிருக்க வேண்டும்.

பகலுக்குள் போலீஸ்காரர் ஃபார்குவர்சனின் களத்துக்குப் போய்விட்டார். அல்சீட்டின் சட்டைக் கையில் ரத்தம் இருந்தது. தகரத்தை நிமிர்த்தியது நான்தான் என்று அவரே சொன்னார். மாவு வாங்க வேண்டும் என்று அல்சீட் கேட்டதால் லாரியைக் கொடுத்ததாக ஃபார்குவர்சன் சொன்னார். லோர்ன் சளிக் காய்ச்சலோடு மாலை முழுக்கப் படுத்திருந்தான் என்று அவன் தாய் சொன்னாள். லோர்னுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவன் எதுவும் சொன்னதாகத் தகவல் இல்லை.

அல்சீட், பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வம்சமான மேத்தி இனத்தவர். சாலையோரப் புறம்போக்கில் வீடு கட்டி வாழ்ந்த குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர். பதினோரு ஆண்டுகளாக ஃபார்குவர்சனிடம் வேலை. மனைவி ஃபிலோமென், மூன்று பெண் குழந்தைகள். நான் அறிந்தவரை அவர் ஞாயிற்றுக்கிழமைகளில்கூடக் குடித்ததில்லை. அதையும் அவருக்கு எதிராகவே பேசினார்கள். கமுக்கமானவன், உள்ளுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்றார்கள்.

மரண விசாரணை சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் நடந்தது. பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். விசாரணை அதிகாரி பட்டணத்திலிருந்து வந்த மருத்துவர், நிதானமானவர். அல்சீட்டைக் கேட்டபோது அவர் எழுந்து நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்ததை அப்படியே சொன்னார். முதலாளி கூப்பிட்டார், இன்னது சொன்னார், நான் போனேன். ஃபார்குவர்சன் தலையை மட்டும் ஆட்டி மறுத்தார்.

"உங்க வார்த்தைக்கு வேற சாட்சி இருக்கா?" என்று அதிகாரி கேட்டார்.

"இருக்குங்க. இந்த ரூம்லயே இருக்காங்க. கம்பியில எல்லாரும் கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. ஓசன் அம்மா வீட்டுக் குருவி பாடிச்சு. கெட்டுனென் வீட்டுக் கடிகாரம் அரைமணி அடிச்சிச்சு. ஹ்ரின்சுக் இருமினார். எப்பவும் கேப்பாங்க. அவங்களையே கேளுங்க."

அறையில் ஒரு சலசலப்பு எழுந்தது. அது அவர் மேல் எழுந்த கோபம். யாரும் சொல்லாததை ஒரு கூலிக்காரர் வெளியூர்க்காரர் முன்னால் சொல்லிவிட்டார். எனக்குப் பின்னாலிருந்த திருமதி ஹ்ரின்சுக் என் தோளருகே குனிந்து, "பாத்தியா, நம்மள ஒட்டுக்கேக்குற கூட்டம்னு சொல்றான்," என்றாள். உண்மையிலேயே மனம் புண்பட்டவள் போலத்தான் சொன்னாள்.

அதிகாரி கம்பியில் இருக்கும் வீடுகளின் பட்டியலைக் கேட்டு வாங்கினார். துக்கத்தில் இருப்பவரை முதலில் விட்டு அனுப்பலாம் என்று நினைத்தோ என்னவோ, இங்கபோர்க்கை முதலில் அழைத்தார். அவள் கறுப்பு உடையில் வந்து வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்தாள். அவளுக்கு அறுபத்தேழு வயது. லூதரன் சபையில் முப்பது ஆண்டு மாதர் சங்கத் தலைவி. அன்று மாலை ரிசீவரை எடுத்தீர்களா என்று அதிகாரி கேட்டார்.

"அது என்னோட மணி இல்லைங்க," என்றாள் இங்கபோர்க். "அடுத்தவங்க மணிய நாங்க எடுக்கிறதில்ல."

அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. ஹ்ரின்சுக் அதையே சொன்னார், சொல்லும்போது இருமினார். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவதாக என்னை அழைத்தார்கள்.

எங்கள் வீட்டில் கடிகாரம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். இருக்கிறது என்றேன். அரைமணிக்கு அடிக்குமா என்றார். அடிக்கும் என்றேன். ரிசீவரை எடுத்தீர்களா என்றார்.

இங்கபோர்க் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். நான் எடுத்தேன் என்றால், அவளும் எடுத்தாள் என்பதும், அதைக் கேட்டும் யாரும் கல்லறை வளைவுக்குப் போகவில்லை என்பதும், அந்த நேரம் அவள் தம்பி ஊர்ந்துகொண்டிருந்தார் என்பதும் அதோடு சேர்ந்து வரும். அவளுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று பல மாதங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கால்வாசி உண்மை. மீதியில் ஃபார்குவர்சன் இருந்தார், பனிக்காலத்தில் எந்தச் சாலையின் பனியை முதலில் வழிப்பது என்று முடிவு செய்கிறவர். ஓஸ்கரின் சிரிப்பும் என் சிரிப்பும் இருந்தன. என் செய்திகள் எங்கிருந்து வருகின்றன என்ற, எல்லோருக்கும் தெரிந்த விஷயமும் இருந்தது.

"எடுக்கலைங்க," என்றேன். "அது எங்க மணி இல்ல."

அல்சீட் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கணக்குத் தப்பாக வந்துவிட்டால் மறுபடி கூட்டிப் பார்ப்பவர் போலப் பார்த்தார். ஒன்பதில் ஏழு வீடுகள் அன்று சத்தியம் செய்தன. ஏழும் ஒரே பதில்.

பிப்ரவரியில் வழக்கு நடந்தது. மூன்று நாள். ஃபிலோமென் சாட்சி சொன்னாள், மனைவி வேறென்ன சொல்வாள் என்று விட்டுவிட்டார்கள். அல்சீட்டுக்கு நான்கு ஆண்டு சிறை. ஃபார்குவர்சன், அல்சீட்டின் குடும்பம் இருந்த தன் பண்ணை வீட்டைக் காலி செய்ய மார்ச் கடைசி வரை தவணை கொடுத்தார். அது பெருந்தன்மை என்று கடையில் பேசிக்கொண்டார்கள். நான் என் பத்தியில் அந்த வாரம் மாதர் சங்கத்தின் போர்வைத் தையலைப் பற்றி எழுதினேன்.

கம்பியில் இன்னொரு மணி உண்டு. நிறுத்தாமல் ஒரே நீளமாக அடித்தால் எல்லோரும் எடுக்க வேண்டும். தீ, பனிப்புயல், காணாமல் போன குழந்தை. மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அது அடித்தது. எடுத்தேன். ஒவ்வொரு வீடாக எடுக்கும் சத்தம் கேட்டது. அன்று யாரும் வாய்க்குழலைப் பொத்தவில்லை. எட்டு சமையலறைகளும் ஒரே நேரத்தில் காதுக்குள் வந்தன.

"நான் ஃபிலோமென் பேசறேன்," என்றாள். "எல்லாரும் எடுத்திருக்கீங்க. இன்னிக்கு எடுக்கலாம், இது உங்க மணிதான்."

"போனை வை," என்றது ஃபார்குவர்சனின் குரல். "இது தீப்பிடிச்சா அடிக்கிற மணி."

"எங்க வீட்லதான் எரியுது முதலாளி."

அவள் தொடர்ந்தாள். குரல் நூல் போல இருந்தது, ஆனால் அவசரப்படவில்லை.

"மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்னு வக்கீல் சொல்றாரு. பதினாறு போயிருச்சு. அன்னிக்குக் கேட்டவங்க ரெண்டு பேர் வந்து கையெழுத்துப் போட்டா மறுபடி விசாரிக்க வைக்கலாமாம். நான் யாரையும் திட்டக் கூப்பிடல. வெள்ளிக்கிழமை காலை ரயில்ல போறேன். வர்றவங்க ஸ்டேஷனுக்கு வாங்க. இப்பவே சொன்னா மனசுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்."

எங்கோ ஒரு கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, கெட்டிலை யாரோ அடுப்பிலிருந்து எடுத்து வைக்கும் அளவுக்கு நேரம்.

"நான் வர்றேன் ஃபிலோமென்," என்றேன். "ஹில்மா."

அதன் பிறகு ரிசீவர்கள் கொக்கியில் விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கடைசியில் அவள் குரல் மட்டும் பக்கத்தில் நின்று பேசுவது போலத் தெளிவாக வந்தது. ரயில் எட்டேகாலுக்கு என்றாள்.

ஓஸ்கர் தடுக்கவில்லை. பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "அப்பவே சொல்லியிருந்தா ஒரு மதிப்பு இருந்திருக்கும்," என்றார். அதைத்தான் வெள்ளிக்கிழமை வக்கீலும் வேறு வார்த்தைகளில் சொன்னார். அவர் இளைஞர், அரசு கொடுக்கும் சொற்பத்துக்கு வழக்கை எடுத்தவர். என் வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"அம்மா, நீங்க சத்தியம் பண்ணிச் சொன்ன ரெண்டுல எது பொய்னு அவங்க கேப்பாங்க. நீங்க மட்டும்னா நிக்காது. இன்னொருத்தர் வேணும். உங்க மேல பொய்ச்சாட்சி வழக்குகூட வரலாம், அதையும் சொல்லிடறேன்."

திரும்பும் ரயிலில் ஃபிலோமெனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. குழந்தைகளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னாள். என்னிடம் ஒன்று மட்டும் கேட்டாள்: அன்று போய்ப் பார்த்திருந்தால் நில்ஸ் பிழைத்திருப்பாரா? பிழைத்திருக்கலாம் என்றேன். பிழைத்திருந்தால் யார் இடித்தது என்று அவரே சொல்லியிருப்பார் என்றாள் அவள். அது வரை நான் அப்படி யோசித்ததில்லை.

சனிக்கிழமை இங்கபோர்க் வீட்டுக்குப் போனேன். அவள் காப்பி போட்டு, ஏலக்காய் ரொட்டியை வெட்டி வைத்தாள். நில்ஸின் தொப்பி கதவருகே ஆணியில் இருந்தது. ஹ்ரின்சுக்கிடம் போய்க் கேட்டதையும், அவர் மனைவி கதவைத் திறக்காமலே பதில் சொன்னதையும் முதலில் சொன்னேன். பிறகு வந்த காரியத்தைச் சொன்னேன்.

அவள் மறுக்கவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"கேட்டேன்," என்றாள். "கேட்டுட்டு, மான்னா நில்ஸுக்குச் சொல்லலாம், காலைல போய்க் கறிய அறுத்துட்டு வருவான்னு நெனச்சேன். அவன் குடில்ல விளக்கு இல்ல. சீக்கிரம் படுத்துட்டான்னு நெனச்சேன். உக்காந்து கையுறை பின்னிக்கிட்டிருந்தேன், ஹில்மா. அவனுக்குத்தான் அந்தக் கையுறை."

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நான் கேட்டேன்னு கோர்ட்ல சொன்னா, அப்புறம் என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. எல்லார் முன்னாலயும் கேப்பாங்க. என்னால முடியாது. நீ அல்சீட்டுக்காக வந்திருக்கே, எனக்குப் புரியுது. எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். நான் கேக்கலங்கிற அந்த வார்த்தை. அத எடுத்துட்டா மீதி என்ன இருக்கு?"

"அல்சீட் உள்ள இருக்கார், இங்கபோர்க்."

"தெரியும். காப்பி ஆறுது."

காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

மேல்முறையீடு ஜூன் மாதம் தள்ளுபடியானது. தீர்ப்பு ஒன்றரைப் பக்கம். ஒரே சாட்சி ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு விதமாகச் சத்தியம் செய்திருக்கிறார், இவற்றில் எதை நம்புவது என்று நீதிமன்றத்தால் சொல்ல முடியாது என்று அதில் இருந்தது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. பொய்ச்சாட்சி வழக்கு வரவில்லை. அதைக் கிளறினால் டெலிபோன் பேச்சும் கிளம்பும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஃபார்குவர்சன் அந்த ஆண்டும் கவுன்சில் தலைவரானார். லோர்ன் எண்ணெய்க் கிணறுகளில் வேலைக்குப் போனான், பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை.

ஜூலையில் ஃபிலோமெனிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அண்ணனோடு இருக்கிறோம், மூத்தவளுக்கு அம்மை போட்டுத் தேறிவிட்டாள், இதை வேண்டுமானால் உங்கள் பத்தியில் போடுங்கள் என்று எழுதியிருந்தாள். கேலியா, உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் போட்டேன். அதற்குக் கீழே இதையும் எழுதினேன்: "சென்ற அக்டோபர் பதினெட்டாம் தேதி மாலை ஏழரை மணிக்கு அல்சீட் டெஜார்லே தன் வீட்டில் டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன். கேட்கவில்லை என்று சத்தியம் செய்தேன். ஹில்மா கெட்டுனென்."

ஆசிரியர் ஒரு வாரம் யோசித்தார். யாரையும் குற்றம் சாட்டவில்லையே என்று அவருடைய வக்கீல் சொன்னதும் போட்டார். ஸ்ட்ராபெரி விருந்துக்கும் ஒரு கிடாரி காணாமல் போனதற்கும் நடுவில் வந்தது.

இதழ் வியாழக்கிழமை வந்தது. கடையில் மழையைப் பற்றிப் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் எங்கள் பெஞ்சில் ஓஸ்கரும் நானும் மட்டும் உட்கார்ந்தோம். ஃபார்குவர்சனிடமிருந்து மறுப்பு வரவில்லை, அடுத்த இதழிலும் வரவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது இங்கபோர்க் நடந்து வந்தாள். இரண்டு மைல், வெயிலில், சபைக்குப் போடும் கோட்டோடு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மடித்த பத்திரிகையைத் துணிக்கூடையின் மேல் வைத்தாள்.

"இதுக்கு அடியில என் பேரையும் போடு," என்றாள். "ஏழரைக்குக் கேட்டேன்னு போடு."

போடுகிறேன் என்றேன்.

"போய்ப் பாக்கலன்னும் போடு."

"அது வேணாம் இங்கபோர்க். அது எதுக்கு?"

"அத விட்டா மொதல்ல சொன்னத யாரும் நம்ப மாட்டாங்க. சும்மா சொல்றான்னுவாங்க. எந்தக் கிழவியும் இத இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டா."

உள்ளே போய்ப் பென்சிலும் தாளும் கொண்டுவந்தேன். அவள் சொல்லச் சொல்ல, நின்றபடியே துணிக்கூடையின் விளிம்பில் தாளை வைத்து எழுதினேன். அவள் படித்துப் பார்த்து, "கையுறை" என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன். கையெழுத்துப் போட்டாள்.

மேல்முறையீட்டுக்கான தவணை முடிந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. வக்கீல் எங்கள் இரண்டு தாள்களையும் தலைநகர் ஒட்டாவாவில் இருக்கும் நீதித் துறைக்கு அனுப்பினார். ஹ்ரின்சுக் மூன்றாவதாகத் தன் தாளை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது, மனைவிக்குத் தெரியாமல். பதில் வருவதற்கு ஒன்பது மாதம் ஆயிற்று. மீதித் தண்டனை ரத்து செய்யப்படுகிறது, காரணம் நன்னடத்தை என்று எழுதியிருந்தது. அவர் குற்றமற்றவர் என்று எங்கும் இல்லை.

அல்சீட் லார்ச்வேலுக்குத் திரும்பி வரவில்லை. சிறையிலிருந்து நேராக மேற்கே போய்விட்டார். அங்கே மரம் அறுக்கும் ஆலையில் வேலை கிடைத்தது என்றும், நிரந்தரமாக்குவதற்கு முன் ஊரிலிருந்து ஏதாவது நற்சான்றுக் காகிதம் கேட்டார்கள் என்றும் ஃபிலோமென் எழுதினாள். மூன்று வாக்குமூலங்களின் நகலையும் வக்கீலிடம் வாங்கி அனுப்பி வைத்தேன். மாதக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. காகிதம் சேர்ந்தது, ஆலைக்காரர் பார்த்தார், வேலை நிரந்தரமாயிற்று என்று இருந்தது. அல்சீட் அவற்றைப் படித்தாரா என்று நான் கேட்டிருந்தேன். அதற்கும் ஒரு வரியில் பதில் எழுதியிருந்தாள். ஓசன் அம்மாவுடையதை மட்டும் இரண்டு தரம் படித்தார், பிறகு வேலைக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.